அனுமதி போனால் அடையாளமும் போகலாமா?

நம் நாட்டு வீதிகளில் அடிக்கடி காணும் காட்சியொன்றை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மோட்டார் வண்டியொன்று வெள்ளைக் கோட்டைக் கடந்து முந்திச் செல்கின்றது. வளைவில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் கையைக் காட்டி அதனை நிறுத்துகின்றார். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தண்டப்பணச் சீட்டொன்றை எழுதிக் கொடுக்கின்றார். சாரதி தபாற் கந்தோரிற் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டித் தமது பத்திரத்தை மீட்டுக்கொள்கின்றார். இது நெடுங்காலமாக நாம் அறிந்த வழக்கம். பத்திரம் திரும்பி வரும்வரையில் அவருக்கு மனக்கவலை இருக்கலாம். ஆயினும், தாம் இன்னார் என்று நிறுவ முடியாத நிலை அவருக்கு நேர்வதில்லை. அவருடைய சட்டைப்பையில் தேசிய அடையாள அட்டை இருக்கின்றதல்லவா?

இதே காட்சியை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்துப் பாருங்கள். அங்கே சாரதி அனுமதிப்பத்திரத்தை இழப்பவர் பெரும்பாலும் இரண்டு பொருள்களை ஒருங்கே இழக்கின்றார். ஒன்று, வண்டி ஓட்டும் உரிமை. மற்றையது, தாம் யார் என்று காட்டுவதற்குக் கையிலிருந்த ஒரே அட்டை. முதலாவதை இழப்பது சட்டம் விதித்த தண்டனை. இரண்டாவதை இழப்பது எந்தச் சட்டமும் எண்ணி விதித்ததன்று. அது தானாக வந்து சேர்ந்த துன்பம். இத்துன்பத்தை நீக்குவதற்கு, அனுமதி இடைநிறுத்தப்பட்டவர்களுக்குக் கட்டணமின்றி அடையாள அட்டை வழங்க வேண்டும் என்ற கருத்து அந்நாட்டில் எழுந்துள்ளது. இன்றைய பேச்சில் அக்கருத்தின் நியாயத்தைச் சற்று ஆராய்வோம்.

வண்டி ஓட்டுவதற்கான பத்திரம் எவ்வாறு ஆளை அடையாளங் காட்டும் பத்திரமாயிற்று என்ற கேள்வி முதலில் எழும். அமெரிக்காவில் எல்லாக் குடிமக்களுக்கும் உரிய தேசிய அடையாள அட்டை என்பது இல்லை. மத்திய அரசாங்கம் மக்கள் அனைவருக்கும் எண்ணிட்டு அட்டை கொடுப்பதை அந்நாட்டவர் நெடுங்காலமாக ஐயக்கண் கொண்டே நோக்கி வந்துள்ளனர். 1936ஆம் ஆண்டிலே சமூகப் பாதுகாப்பு எண் வழங்கத் தொடங்கியபோதும், அது சம்பளக் கணக்குக்கும் ஓய்வூதியக் கணக்குக்கும் மட்டுமே என்று உறுதி கூறப்பட்டது. 1946 முதல் 1972 வரையில் வெளியான அவ்வட்டைகளில், இஃது அடையாளத்துக்குரியதன்று என்ற பொருள்பட ஒரு வாசகமே அச்சிடப்பட்டிருந்தது. அவ்வட்டையிற் புகைப்படம் இன்றும் இல்லை.

ஆனால் வாழ்க்கைக்கு ஏதேனும் ஓர் அட்டை வேண்டியிருந்தது. மசச்சூசெற்ஸ், மிசூரி ஆகிய மாநிலங்கள் 1903ஆம் ஆண்டிற் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கின. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. மோட்டார் வண்டியின்றி வாழ முடியாத நாடாக அமெரிக்கா மாற, வளர்ந்தோர் பெரும்பாலோரிடம் அப்பத்திரம் சென்று சேர்ந்தது. பின்னர் அதிற் புகைப்படமும் ஏறிற்று. பிறந்த திகதி, உயரம், முகவரி, கையொப்பம் யாவும் ஒரே அட்டையில் இருக்க, வங்கியும் கடையும் தொழிலதிபரும் அதனையே கேட்கத் தொடங்கினர்.

இன்று அதன் பயன்களை எண்ணிப் பாருங்கள். வங்கியிற் கணக்குத் திறக்க அது வேண்டும். விமானத்தில் ஏற அது வேண்டும். விடுதியில் அறை எடுக்க அது வேண்டும். 1986ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் தம் அடையாளத்தையும் வேலை செய்யும் உரிமையையும் தொழில் கொடுப்போருக்குப் பத்திரங்களாற் காட்டல் வேண்டும். பெரும்பாலோர் காட்டுவது சாரதி அனுமதிப்பத்திரமும் சமூகப் பாதுகாப்பு அட்டையுமே. 2006ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின்படி, மூக்கடைப்புக்கான சிலவகை மாத்திரைகளை வாங்குவதற்குக்கூட மருந்துக் கடையிற் புகைப்பட அட்டையைக் காட்ட வேண்டும். பல மாநிலங்களில் வாக்களிப்பதற்கும் அவ்வாறே. சுருங்கக் கூறின், வீதிக்கென்று பிறந்த பத்திரம் வீட்டுக்கும் நாட்டுக்கும் உரிய பத்திரமாகிவிட்டது.

இனி, அனுமதியை இழப்பவர்கள் யார் என்று நோக்குவோம். மது அருந்தி வண்டி ஓட்டியவர், கண்மூடித்தனமான வேகத்திற் சென்றவர் என்போரே நம் மனக்கண்முன் முதலில் வருவர். அத்தகையோரை வீதியினின்றும் விலக்குதல் அரசின் கடமை. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அமெரிக்காவில் அனுமதி இழந்தோர் எல்லாரும் அவ்வகையினர் அல்லர். நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட இயலாதவர்கள் உளர். விசாரணைத் தினத்தன்று நீதிமன்றம் செல்லத் தவறியவர்கள் உளர். 1996ஆம் ஆண்டின் சமூகநலச் சீர்திருத்தச் சட்டம், பிள்ளைப் பராமரிப்புப் பணத்தில் நிலுவை வைத்த தந்தையரதும் தாயரதும் அனுமதியை இடைநிறுத்தும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்க வேண்டுமென்று விதித்தது. பார்வை மங்கியதாலோ, வலிப்பு நோய் கண்டதாலோ, மறதி நோய் முற்றியதாலோ அனுமதியைக் கையளித்த முதியோரும் உளர். இவர்கள் குற்றமே செய்தவர்கள் அல்லர்.

இவ்விடத்தில் ஒரு வழக்கை எடுத்துக்காட்டல் பொருந்தும். ஜோர்ஜியா மாநிலத்திலே மதகுரு ஒருவர் மூன்று கிராமப்புறச் சபைகளுக்குத் தமது காரிலே சென்று ஊழியம் செய்துவந்தார். 1968ஆம் ஆண்டில் ஒருநாள், ஐந்து வயதுச் சிறுமியொருத்தி துவிச்சக்கர வண்டியில் வந்து அவருடைய காரின் பக்கத்தில் மோதினாள். சிறுமியின் பெற்றோர் 5,000 டொலர் நட்டஈடு கோரினர். மதகுருவிடம் காப்புறுதி இல்லை. பணத்தைப் பிணையாகக் கட்டுக, இல்லையேல் அனுமதி இடைநிறுத்தப்படும் என்று மாநில அதிகாரிகள் கூறிவிட்டனர். தவறு யாருடையது என்று விசாரிக்கவும் அவர்கள் ஒப்பவில்லை. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் மதகுருவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருமுறை வழங்கப்பட்ட அனுமதி ஒருவரது பிழைப்புக்கே இன்றியமையாததாக ஆகிவிடக்கூடும்; ஆதலால் முறையான விசாரணையின்றி அதனைப் பறித்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்புப் பேசியது வண்டி ஓட்டும் உரிமையைப் பற்றி. நாம் பேசுவது அதனோடு சேர்ந்து போகும் அடையாளத்தைப் பற்றி. வண்டி ஓட்டும் அனுமதியே பிழைப்புக்கு இன்றியமையாததாயின், பெயரையும் முகத்தையும் நிறுவும் அட்டை எத்துணை இன்றியமையாதது என்று சொல்லவும் வேண்டுமோ?

அப்படியாயின், அனுமதி இழந்தவர் வேறோர் அட்டையைப் பெற வழியே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். வழி உண்டு. ஒவ்வொரு மாநிலமும், வண்டி ஓட்டாதவர்களுக்கென்று தனியான அடையாள அட்டையொன்றை வழங்குகின்றது. சில மாநிலங்கள், இடைநிறுத்தப்பட்ட பத்திரத்தையே உரியவர் கையில் விட்டுவைக்கின்றன; அங்கே இடர் குறைவு. ஆனால் பல மாநிலங்களிற் பத்திரம் பறிக்கப்படும். அல்லது அதனைக் கையளித்த பின்னரே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் வரிசையில் நிற்க வேண்டும்; படிவம் நிரப்ப வேண்டும்; கட்டணமும் செலுத்த வேண்டும்.

கட்டணம் சிறிதுதானே என்று வசதி படைத்தவர் கூறுவர். ஒரு தொழிலாளியை மனத்திற் கொள்வோம். அவர் மண்டபங்களைக் கூட்டித் துடைத்துப் பிழைப்பவர் என்க. 2009ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட மத்திய அரசின் ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். அவர் அச்சம்பளம் பெறுபவராயின், அட்டைக் கட்டணம் மட்டுமே அவருடைய சில மணித்தியால உழைப்பை விழுங்கிவிடும். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையேல் அதற்கும் பணம். மோட்டார் வாகனத் திணைக்களம் ஊருக்கு வெளியே பல மைல் தொலைவில் இருக்கும். அவர் வண்டி ஓட்டக் கூடாது, பேருந்தும் இல்லை, யாரையேனும் அழைத்துச் செல்லுமாறு கெஞ்ச வேண்டும். திணைக்களம் திறந்திருக்கும் நேரமே அவர் வேலை செய்யும் நேரமும் ஆகும். ஆகவே ஒருநாட் சம்பளமும் போய்விடும்.

இதனினும் கொடிய சிக்கல் ஒன்றுண்டு. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெறச் சென்றால், புகைப்பட அட்டையைக் காட்டுக என்று பல அலுவலகங்கள் கேட்கும். புகைப்பட அட்டையைப் பெறச் சென்றால், பிறப்புச் சான்றிதழைக் காட்டுக என்பார்கள். திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதையாக இது முடிகின்றது.

பிள்ளைப் பராமரிப்புப் பணத்தைக் கட்டத் தவறிய தந்தையின் நிலையை நினைத்துப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு அவர் வேலைக்குச் செல்ல வேண்டும். புதிய வேலையிற் சேருவதற்கு அடையாளத்தைக் காட்ட வேண்டும். அதனைக் காட்டுவதற்கு வைத்திருந்த அட்டை, பணம் கட்டவில்லை என்பதற்காகவே பறிக்கப்பட்டுவிட்டது. கடனை அறவிட வந்தவர் கடன்காரனின் மண்வெட்டியையும் கொண்டுபோனால், பின்னர் அவன் எதைக் கொண்டு தோட்டத்தைக் கொத்துவான்? பட்டினி கிடப்பது அந்தப் பிள்ளையே.

இவ்வட்டை இலவசமாக இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அமெரிக்க அரசியலமைப்பு வரலாற்றிலேயே வலுவான ஆதாரம் உண்டு. தென் மாநிலங்கள் பல, வாக்களிப்பதற்கு ஒரு தலைவரியை முன்னாளில் விதித்திருந்தன. வறியோரையும், சிறப்பாகக் கறுப்பின மக்களையும், வாக்குச் சாவடியிலிருந்து விலக்கி வைக்க அவ்வரி பயன்பட்டது. 1964ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 24ஆவது திருத்தம், மத்திய தேர்தல்களில் அதனை ஒழித்தது. 1966ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், வர்ஜீனியா மாநிலம் விதித்த ஒன்றரை டொலர் வரியைச் செல்லாது எனத் தீர்த்து, மாநிலத் தேர்தல்களிலும் அதனை ஒழித்தது. ஒருவரது செல்வத்துக்கும் அவர் வாக்களிக்கும் தகுதிக்கும் தொடர்பில்லை என்பது அங்கு நிலைநாட்டப்பட்ட கொள்கை.

பின்னர் 2005ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலம், வாக்களிக்க வருவோர் புகைப்பட அட்டை காட்ட வேண்டுமென்று சட்டம் இயற்றிற்று. அவ்வழக்கு 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஆறு நீதியரசர்கள் சட்டம் செல்லும் என்றனர், மூவர் மறுத்தனர். சட்டம் செல்லும் என்றவர்களின் தலைமைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ் ஒன்றை வலியுறுத்தினார். பெரும்பாலோரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு என்பது மட்டும் சட்டத்தைக் காப்பாற்றாது; அஃது இல்லாதவர்களிடம் அட்டைக்குக் கட்டணம் வாங்கியிருந்தால், முன்னைய தலைவரித் தீர்ப்பின்படி இச்சட்டம் வீழ்ந்திருக்கும்; இந்தியானா அட்டையை இலவசமாகக் கொடுப்பதால் நிலைக்கின்றது என்றார். மறுத்தோருள் ஒருவரான நீதியரசர் சூட்டர், அட்டை இலவசமாயினும் அதற்குச் செல்லும் பயணமும் அதற்கு வேண்டிய சான்றிதழும் இலவசமல்ல என்று எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் இந்தியானாவிற் பிறப்புச் சான்றிதழுக்கு இடத்துக்கு இடம் 3 டொலர் முதல் 12 டொலர் வரை கட்டணம் வாங்கப்பட்டது.

இரு சாராரும் வேறுபட்ட முடிவுக்கு வந்தபோதிலும், ஒரு விடயத்தில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை. அரசு ஓர் அட்டையைக் கேட்குமாயின், அவ்வட்டையைப் பணமின்றிப் பெற வழி இருக்க வேண்டும். ஜோர்ஜியா, விஸ்கொன்சின், டெக்சாஸ் முதலிய மாநிலங்களும் வாக்களிப்பதற்கென இலவச அட்டை வழங்கும் ஏற்பாட்டைச் செய்தன. கலிபோர்னியா வேறொரு வழியிற் சென்றது. அங்கே 62 வயதுக்கு மேற்பட்டோருக்கும், உடல்நிலை அல்லது மனநிலை காரணமாக அனுமதியை இழந்தோருக்கும், 2014ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி வீடற்றோருக்கும் அடையாள அட்டை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நோயினால் வண்டி ஓட்டுவதை நிறுத்திய முதியவருக்கு இலவச அட்டை கொடுப்பது நியாயமெனின், வறுமையால் தண்டப்பணம் கட்ட இயலாது அனுமதி இழந்தவருக்குக் கொடுப்பதில் என்ன தவறு? வாக்குச்சீட்டுக்காகக் கொடுக்கும் அட்டையை, வேலைக்காகவும் வங்கிக்காகவும் கொடுத்தால் என்ன குறைவு?

இதற்கு எதிராக மூன்று தடைகள் கூறப்படும். அவற்றையும் நேர்மையாக எடுத்து நோக்குவது நம் கடன்.

முதலாவது தடை: சட்டத்தை மதித்து நடப்பவர் பணங் கொடுத்து அட்டை வாங்க, மீறியவருக்கு இலவசமா? இது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அனுமதி இழந்தவர் முன்னரே அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டணம் செலுத்தியவர் என்பதை மறத்தல் கூடாது. அப்பத்திரத்தின் ஒரு பயனை அரசு தண்டனையாக நிறுத்தியது. மற்றப் பயனையும் எடுத்துக்கொண்டு, அதனைத் திரும்பத் தர மீண்டும் பணம் கேட்கின்றது. இலவச அட்டை என்பது அவருக்கு அளிக்கும் பரிசன்று. அவர் ஏலவே வாங்கிய பொருளில், தண்டனைக்கு உட்படாத பகுதியைத் திருப்பிக் கொடுத்தல் என்க.

இரண்டாவது தடை: மோசடிக்கு இடமாகாதா? 2005ஆம் ஆண்டின் மெய் அடையாளச் சட்டம் என்னும் மத்திய சட்டம், மாநில அட்டைகளுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி முதல் விமானப் பயணத்துக்கும் அவ்விதிகள் செயற்படுத்தப்பட்டன. அவ்விதிகளின்படி, விண்ணப்பிப்பவரின் முகப்படத்தையும் பிறப்புப் பத்திரங்களின் பிரதிகளையும் மாநிலமே பல ஆண்டுகள் பேணி வைத்தல் வேண்டும். ஆகவே அவ்விதிப்படி அனுமதி பெற்றவர் யார் என்பதை அரசு முன்னரே சோதித்து அறிந்திருக்கின்றது. புதிதாக ஒன்றையும் நிறுவ வேண்டியதில்லை. அதே கோவையிலிருந்து, வேறு தலைப்பிட்ட ஓர் அட்டையை அச்சிட்டு, இடைநிறுத்தக் கட்டளையோடு தபாலில் அனுப்பினால் அலுவல் முடிந்துவிடும்.

மூன்றாவது தடை: அவ்வட்டையைக் காட்டி வண்டி ஓட்டுவாரெனில்? அடையாள அட்டையில் அதன் தன்மை முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வீதியில் மறிக்கும் பொலிசார், எண்ணைக் கணினியிற் பார்த்தவுடன் அனுமதி உண்டா இல்லையா என்று அறிந்துகொள்வர். மேலும், வேறு அட்டை கிடைக்காதென்ற அச்சத்தாலேயே சிலர் இடைநிறுத்தப்பட்ட பத்திரத்தைக் கையளிக்காது ஒளித்து வைப்பர். கையளிக்கும்போதே மாற்று அட்டை கிடைக்குமெனின், பழைய பத்திரம் ஒழுங்காக அரசிடம் வந்து சேரும்.

இவற்றோடு, அனுமதியை வீணே பறிக்கும் வழக்கத்தையே குறைக்கும் முயற்சிகளும் அங்கே நடந்துள்ளன. தண்டப்பணம் கட்டாத ஒரே காரணத்துக்காக அனுமதியை இடைநிறுத்துவதைக் கலிபோர்னியா 2017ஆம் ஆண்டில் நிறுத்தியது. வர்ஜீனியா 2020ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தை நிரந்தரமாகவே கைவிட்டது. இவை வரவேற்கத் தக்கவை. எனினும், எத்தனை சீர்திருத்தம் வந்தாலும், வீதிப் பாதுகாப்புக்காகச் சிலரது அனுமதியை நிறுத்தவேண்டிய தேவை என்றும் இருக்கும். அவர்களுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, மறுநாட் காலையில் வேலைக்குச் செல்லவேண்டிய தேவையும் உண்டு.

நேயர்களே, இது தொலைதூர நாட்டின் விவகாரம் என்று நாம் விலகிவிட வேண்டியதில்லை. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகின்றது. வண்டி ஓட்டுவதற்கு ஒரு பத்திரம், ஆளை அறிவதற்கு ஒரு பத்திரம் என இரண்டும் வெவ்வேறாக இருப்பதால், ஒன்றை இழந்தவர் மற்றதை இழப்பதில்லை. தேர்தற் காலத்தில் ஏற்ற அடையாளப் பத்திரம் ஒன்றும் இல்லாதவர்கள், கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அட்டையைப் பெறும் ஏற்பாடும் இங்கு உண்டு. அதேவேளை, அட்டை இல்லாமையின் துன்பத்தை நம் மக்களைப் போல் அறிந்தவர் யார்? பிறப்புப் பதியப்படாததால் அடையாள அட்டை பெற இயலாது அலைந்த தோட்டத் தொழிலாளரை நாம் கண்டிருக்கின்றோம். போர் ஆண்டுகளிலே, சோதனைச் சாவடியில் அட்டையை மறந்து வந்தவரின் நெஞ்சு எவ்வாறு துடித்தது என்பதும் நாம் அறியாததன்று. கையகலத் துண்டொன்று, ஒருவர் வீடு திரும்புவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானித்த நாள்களும் இருந்தன.

ஆதலால், இப்பொருளில் அடங்கிய நீதி நமக்கு எளிதிற் புலப்படும். தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியைத் தவறாக ஓட்டியவனிடமிருந்து வண்டி ஓட்டும் உரிமையை எடுக்கலாம். அவனுடைய பெயரை எடுத்தல் ஆகாது. வங்கியின் வாசலிலும், வேலைத்தலத்தின் வாசலிலும், வாக்குச் சாவடியின் வாசலிலும் அவன் நின்று, நான் இன்னான் என்று சொல்லும்போது, அதனை நம்புவதற்குரிய சான்றை அவன் கையில் வைப்பது அரசின் பொறுப்பு. அரசே அச்சான்றை எடுத்துக்கொண்டதெனின், அதனைத் திருப்பிக் கொடுக்கும் செலவையும் அரசே ஏற்றல் முறை.